குடிநோய்ச் சிகிச்சைக்கு விடுப்பு: கலிபோர்னியாவில் வேலைக்குப் பாதுகாப்பு உண்டா?

கேள்வி:
என் தம்பி கலிபோர்னியாவில், ஏறத்தாழ 60 பேர் பணிபுரியும் சரக்குக் கிடங்கு ஒன்றில் 4 ஆண்டுகளாக வேலை செய்கிறான். குடிப்பழக்கத்திலிருந்து மீள 30 நாள் தங்கிச் சிகிச்சை பெறுமாறு மருத்துவர் கூறியிருக்கிறார். அவனும் மனமுவந்து இசைந்துவிட்டான். ஆனால் காரணத்தைச் சொன்னாலும் வேலை போய்விடும், சொல்லாமல் போனாலும் போய்விடும் என்று அஞ்சி நாளைக் கடத்துகிறான். இதே நோய்க்கு அப்பாவைப் பறிகொடுத்த குடும்பம் எங்களுடையது. சட்டம் அவனுக்குத் துணை நிற்குமா?

பதில் 1:
நிற்கும், ஐயா. 25 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் தனியார் நிறுவனம், குடி அல்லது போதை மறுவாழ்வுச் சிகிச்சைக்குத் தானாக முன்வந்து சேரும் தொழிலாளிக்கு, தனக்குப் பெருஞ்சுமையாகாத அளவில் வசதி செய்து தர வேண்டும் என்று அம்மாநிலத் தொழிலாளர் சட்டத்தின் 1025ஆம் பிரிவு கூறுகிறது. அவர் சிகிச்சையில் சேர்ந்த செய்தி வெளியே கசியாமல் காக்க நிறுவனம் முயல வேண்டும் என்கிறது 1026ஆம் பிரிவு. ஆயினும் குடியால் வேலையைச் செய்ய இயலாதவரையோ, பிறர் பாதுகாப்புக்குக் கேடாக நிற்பவரையோ நீக்குவதை இச்சட்டம் தடுக்கவில்லை. ஆகவே, கிடங்கில் ஏதும் தவறு நேர்வதற்கு முன்பே தங்கள் தம்பி எழுத்தில் விடுப்புக் கேட்பது மிக முக்கியம். நாளைக் கடத்துவதுதான் அவருக்கு உண்மையான ஆபத்து.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அந்த ஒரு மாதத்துக்கு ஊதியம் கிடைக்குமா? அவனுக்கு இரண்டு சிறு குழந்தைகள் இருக்கிறார்கள்.

பதில் 2:
நிறுவனம் ஊதியம் தர வேண்டிய கட்டாயமில்லை. சேர்த்து வைத்திருக்கும் நோய் விடுப்பை 1027ஆம் பிரிவின்படி பயன்படுத்தலாம். மருத்துவரின் பரிந்துரையுடன் மறுவாழ்வு இல்லத்தில் தங்குவோருக்கு மாநில இயலாமைக் காப்பீடு ஊதியத்தின் ஒரு பகுதியை வழங்குகிறது. அதற்காகத்தான் மாதந்தோறும் அவருடைய சம்பளத்தில் பிடித்தம் செய்கிறார்கள் என்பதால், உரிமையோடு கேட்கலாம். வேலையைக் காக்கும் 12 வார மருத்துவ விடுப்புக்கும் தனியாக விண்ணப்பிக்கட்டும். ஓராண்டுப் பணியும் அதில் 1,250 மணி நேர உழைப்பும் இருந்தால் போதும். இந்த விடுப்பு சிகிச்சைக்கு மட்டுமே உரியது; குடித்துவிட்டு வராமல் இருந்த நாள்களை இதில் சேர்க்க முடியாது. காப்பீட்டு விண்ணப்பம், இயலாமை தொடங்கிய நாளிலிருந்து 49 நாள்களுக்குள் போய்ச் சேர வேண்டும். மருத்துவர் தர வேண்டிய சான்றை, தம்பி மறுவாழ்வு இல்லத்தில் சேரும் முன்பே தாங்கள் கேட்டு வைத்துவிடுங்கள்.