பெரியப்பாவின் மூன்றாவது நோட்டு: தட்டச்சு செய்தவளுக்கும் தண்டனை உண்டா?

அச்சகத்துக்காரி, கிருஷ்ணகிரி

பழையபேட்டையில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், மாம்பழப் பருவத்தில் கூழ் ஆலைகளுக்கு லேபிள், இதுதான் பிழைப்பு. எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர், மத்திய அரசின் உளவுத்துறை ஒன்றில் வயர்லெஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், தன் வாழ்க்கைக் கதையை மூன்று நோட்டுகளில் எழுதிக் கொண்டுவந்தார். பேரன் கல்யாணத்தில் உறவினர்களுக்குக் கொடுக்க 200 பிரதி வேண்டுமாம்.

முதல் இரண்டு நோட்டில் சிக்கல் இல்லை. பாலக்கோட்டுப் பள்ளி, பஞ்சம், பெண் பார்த்த கதை. மூன்றாவதில்தான் கை நின்றுவிட்டது. எல்லையில் எந்த ஊரில் உட்கார்ந்து யாருடைய பேச்சை ஒட்டுக்கேட்டார்கள், அந்தப் பக்கத்திலிருந்து தகவல் கொடுத்தவர் யார் என்று பெயரோடு எழுதி, ஊர்ப்பெயர்களைச் சிவப்பு மையில் கட்டமும் கட்டியிருக்கிறார். கேட்டால், "ஐம்பது வருடம் ஆயிற்று, அந்த ரேடியோ இரும்புக்கடைக்கே போயிருக்கும்" என்று சிரிக்கிறார். பதினோரு பக்கம் அடித்துவிட்டேன். இது குற்றமா? குற்றம் என்றால் அவருக்கு மட்டும்தானா, எனக்குமா?

தருமபுரி வக்கீல்

அம்மா, நீங்கள் கேட்பது 1923-ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியங்கள் சட்டம். அதன் 5-ஆம் பிரிவு, அரசுப் பணியில் இருப்பவரை மட்டுமல்ல, இருந்தவரையும் கட்டும். பதவியால் தெரியவந்த இரகசியத்தை அனுமதியில்லாத ஒருவரிடம் சொன்னால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இத்தனை ஆண்டு கழிந்தால் இரகசியம் காலாவதி என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. எது இரகசியம் என்பதற்கே அதில் விளக்கம் கிடையாது. அதுதான் பெரிய தலைவலி.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சட்டத்தை மீறித் தரப்படுகிறது என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, விரும்பி வாங்கிக்கொண்டவரும் அதே பிரிவில் குற்றவாளிதான். நேற்றுவரை உங்களுக்குத் தெரியாது என்று சொல்லலாம். இங்கே கேள்வி எழுதிய பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

14 ஆண்டு என்று பயமுறுத்துவார்கள். அது 3-ஆம் பிரிவு, நாட்டுக்குக் கேடு நினைத்துச் செய்யும் உளவு வேலைக்கு. உங்கள் பெரியப்பா அந்தக் கணக்கில் வரமாட்டார். இன்னொன்று, பக்கத்து வீட்டுக்காரர் மனுக் கொடுத்து நடக்கும் வழக்கு இல்லை இது. அரசின் உத்தரவோடு புகார் வந்தால்தான் நீதிமன்றம் கையில் எடுக்கும்.

பாலக்கோடு ஹவில்தார்

வக்கீல் ஐயா ஓய்வூதியத்தை விட்டுவிட்டார். உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் இருந்தவர்கள் துறைத் தலைவரின் முன் அனுமதி இல்லாமல் பணி அனுபவத்தை வெளியிடக் கூடாது என்று 2021-இல் ஓய்வூதிய விதியைத் திருத்தினார்கள். மீறினால் ஓய்வூதியத்தையே நிறுத்தலாம். கிழவருக்குச் சிறையைவிட அதுதான் உறைக்கும், சொல்லிப் பாருங்கள்.

அந்தத் தகவல் கொடுத்தவருக்கும் பிள்ளை குட்டி அந்தப் பக்கத்தில் இருக்குமே. ரேடியோ இரும்புக்கடைக்குப் போகலாம், அவர்கள் எங்கே போவார்கள்?

ஓசூர் வாசகன்

அச்சகத்துக்காரி அம்மாவுக்கு நேராகப் பொருந்தும் வழக்கு ஒன்று உண்டு. வெளிநாட்டு உளவு பார்க்கும் ரா அமைப்பில் பணியாற்றி ஓய்வு பெற்ற மேஜர் ஜெனரல் வி.கே. சிங் (பின்னாளில் அமைச்சரான தளபதி வேறு) 2007-இல் அந்த அமைப்பைப் பற்றி நூல் எழுதினார். சிபிஐ அவர் மீது மட்டுமல்ல, பதிப்பாளர் மீதும் வழக்குப் போட்டது.

பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானி கதை இன்னும் கொடுமை. அச்சாகி வெளிவந்து, இணையத்திலும் கிடைத்த ஒரு கட்டுரை அவர் கணினியில் இருந்தது. அதற்காக 2002 ஜூனில் கைதாகி ஏழு மாதம் திகார் சிறையில் இருந்தார். பிறகு அரசே வழக்கைத் திரும்பப் பெற்றது. ஏழு மாதத்தை யார் திருப்பித் தருவது?

அச்சகத்துக்காரி, கிருஷ்ணகிரி

எல்லோருக்கும் நன்றி. அடித்த பதினோரு பக்கத்தையும் கணினியில் அழித்துவிட்டேன். மெய்ப்புக்கு எடுத்த தாளையும் நோட்டையும் மஞ்சள் பையில் போட்டு நேற்று மாலை பெரியப்பா வீட்டுக்கே கொண்டுபோனேன்.

வக்கீல் எழுதியதைப் படித்துக் காட்டியபோது முறுக்கைக் கடித்துக்கொண்டே இருந்தார். ஓய்வூதியம் என்றதும் முறுக்குத் தட்டுக்குப் போய்விட்டது. ஹவில்தார் ஐயாவின் கடைசி வரிக்கு ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் நோட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

முதல் இரண்டு நோட்டு 96 பக்கம், ஃபாரத்துக்குப் பதினாறு பக்கமாக ஆறு ஃபாரம் வருகிறது. அது மட்டும் அச்சேறும். மூன்றாவதற்கு முறைப்படி அனுமதி கேட்டுப் பழைய அலுவலகத்துக்கு எழுதப் போகிறாராம். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "அதில் என்னென்ன எழுதியிருக்கிறேன் என்று விவரமாகச் சொல்கிறேன், நீயே கடிதத்தைத் தட்டச்சு செய்துவிடு" என்றார். கையால் எழுதுங்கள் பெரியப்பா என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.