‘ரன்’ என்ற சொல்லை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வணக்கம். காசிமேட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ‘மை மதர் ரன்ஸ் எ ஃபிஷ் ஸ்டால்’ என்று பலகையில் எழுதினேன். மீன் விற்பவரின் மகள் எழுந்து, “அம்மா உட்கார்ந்துதானே விற்கிறார், எங்கே ஓடுகிறார்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நாம் கடையை ‘நடத்துகிறோம்’, ஆங்கிலம் பேசுபவர்கள் ‘ஓட்டுகிறார்கள்’ என்றேன். பிள்ளைகளுக்கு அது பிடித்துவிட்டது.

அதன் பிறகுதான் சிக்கல். மூக்கு ஒழுகினாலும் ரன், துணியில் சாயம் போனாலும் ரன். வீட்டில் பால் தீர்ந்தால் ‘ரன் அவுட்’. ஆனால் பிள்ளைகளுக்கு அது கிரிக்கெட் மட்டும்தான். தேர்தலில் நாம் நிற்கிறோம், அமெரிக்கர்கள் ஓடுகிறார்கள்! பிரிட்டிஷ்காரர்கள் நம்மைப் போல ‘ஸ்டாண்ட்’ என்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் இந்த ஒரு வினைச்சொல்லுக்கே அறுநூறுக்கும் மேற்பட்ட பொருள்களாம்.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘இடைவிடாமல் நகர்வது’ என்ற ஒரு கருத்திலிருந்து மற்றவற்றை விளக்கலாமா? ‘தீர்ந்துபோவது’ அதற்குள் அடங்குமா? வகுப்பில் சொல்லிக்கொடுத்துப் பார்த்த ஆசிரியர்கள் யாராவது வழி சொல்லுங்கள். திங்கட்கிழமை அந்தப் பெண் மறுபடியும் கேட்பாள்.