சீலர் அடித்ததும் பால்சா இறக்கை வளைகிறது

அண்ணாச்சிமாரே, மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். அம்பாசமுத்திரத்தில் வீட்டு மாடியில் வைத்து மாடல் ராக்கெட் ஒன்று செய்கிறேன், 45 செ.மீ. நீளம், அட்டைக் குழாய், 3 மி.மீ. பால்சா என்கிற எடை குறைந்த மரப் பலகையில் நான்கு இறக்கைகள். முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பை மெலிதாக்கித் தேய்த்து முடிக்கும்வரை எல்லாம் சரி, கண்ணாடி மேல் வைத்தால் அப்படியே படிகிறது. மரத்தின் நுண்துளைகளை அடைக்கப் பூசுகிற சீலரில், தண்ணீர் கலக்கிற வகையை ஒரு பக்கம் அடித்து ராத்திரி காயவிட்டால் காலையில் காய்ந்த வெற்றிலை மாதிரி வளைந்து கிடக்கிறது. நடுவில் தீக்குச்சி நுழைகிற இடைவெளி. மறுபக்கம் அடித்தாலும் முழுதாக நிமிரவில்லை.

மர ரேகையை முன்விளிம்புக்கு இணையாக வைத்துத்தான் வெட்டினேன், அதில் தப்பில்லை. உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி முதலில் 120, அப்புறம் 220, கடைசியில் 400. நான்கையும் குண்டூசி குத்திச் சேர்த்துத் தேய்த்ததில் ஓரம் அச்சில் வார்த்த மாதிரி வந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். வளைந்ததை லேசாக நனைத்து மேலே கனமான புத்தகங்களை ஏற்றினேன், நிமிர்ந்தது, இரண்டே நாளில் பழைய குருடி கதவைத் திறடி. இப்போது ஐப்பசி மழை வேறு. தெரு ஆசாரி "தேக்குல செய்யும்வே" என்கிறார், எடைக் கணக்கு அவருக்கு எங்கே தெரியும். அந்தப் பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சினையே சோதிக்கிறது, எனக்கு நாலு துண்டு மரம் நேராக நிற்க மாட்டேன் என்கிறது.

தின்னர் கலக்கிற சீலருக்கு மாறினால்தான் இந்த வளைவு நிற்குமா, இல்லை இதே சீலரை இருபுறமும் ஒரே நேரத்தில் அடித்தால் போதுமா?