வெளிநாட்டுக்கு பைக்: பேக்கிங்ல இன்னும் உறுத்திக்கிட்டிருக்குற ஒரு சம்பவம் சொல்லுங்க

கார்கோ_ஷெட்:
பெட்டி ரெடி, பேப்பர் ரெடி. கார்கோ ஆள் டார்ச் அடிச்சு பெட்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். அவர் தேடினது கோதுமைக் கதிர் போட்ட ஐஎஸ்பிஎம் 15 முத்திரை, அதாவது மரத்துல பூச்சி இல்லாம பதப்படுத்தியாச்சுன்னு காட்டுற குறி. மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூடு 30 நிமிஷம் ஏறியிருந்தா அந்த முத்திரை கிடைக்கும். பிளைவுட்டுக்கு அது வேண்டாம், அந்தப் பெட்டியும் பிளைவுட்தான். ஆனா மூலைக்கு மூலை அடிச்சிருந்த ரீப்பர் சாதா மரம். நாலு ரீப்பருக்காக மொத்தப் பெட்டியையும் பிரிச்சாங்க.

ஆசாரிகிட்ட பெட்டி சொல்லும்போதே உயரத்தையும் பேசிடுங்க. ஏர் கார்கோல நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 6000-ஆல வகுப்பாங்க. வர்ற எண் நிஜ எடையைவிட அதிகம்னா அதுக்குத்தான் காசு. 220 × 90 × 120 பெட்டின்னா 396 கிலோ. உள்ள இருக்குற வண்டி 200 கிலோ! முன் சக்கரம், மிரர், விண்ட்ஷீல்டு எல்லாம் கழட்டி, ஹேண்டில்பாரை டேங்க் மேல படுக்க வெச்சு உயரத்தை 100-க்கு இறக்கினா 330. பெட்ரோலை வடிச்சிடணும், பேட்டரி டெர்மினலைக் கழட்டி டேப் சுத்தணும்.

மூணாவது_துண்டு:
நமக்கு உறுத்தல் கார்னே, அதாவது சுங்க வரி கட்டாம வண்டியைத் தற்காலிகமா ஒரு நாட்டுக்குள்ள கொண்டுபோக உதவுற புத்தகம். ஒரு எல்லை, ராத்திரி நேரம். பாஸ்போர்ட்ல எக்ஸிட் முத்திரை விழுந்துச்சு, கேட்டைத் திறந்துட்டாங்க. கார்னேவை யாருமே கேக்கல. அடுத்த நாட்டுக்காரன் புத்தகத்தைப் புரட்டிட்டு நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கே...

ஒவ்வொரு பக்கத்துலயும் மூணு துண்டு. உள்ள போகும்போது அடித்துண்டைக் கிழிப்பாங்க, வெளிய வரும்போது நடுத்துண்டை. மேல்துண்டு புத்தகத்தோடயே இருக்கும். அதுல உள்ள போன முத்திரை, வெளிய வந்த முத்திரை ரெண்டும் இருக்கணும். வெளிய வந்த முத்திரை இல்லைன்னா வண்டியை அங்கயே வித்துட்டதா கணக்கு, டெபாசிட் மாட்டிக்கும். இமிக்ரேஷன் வேற, கஸ்டம்ஸ் வேற; ரெண்டும் ரெண்டு கவுண்டர். மேல்துண்டுல ரெண்டு முத்திரையும் கண்ணால பார்க்காம ஸ்டார்ட் பண்ணாதீங்க. விட்டுப்போச்சுன்னா, வண்டி இப்ப எங்க நிக்குதுன்னு சான்று போட புத்தகத்தோட கடைசியில ஒரு படிவம் இருக்கு. அதுல கஸ்டம்ஸ்லயோ தூதரகத்துலயோ முத்திரை வாங்கணும்.

டாப்_பாக்ஸ்_வேண்டாம்:
@கார்கோ_ஷெட், முன் சக்கரத்தைக் கழட்டச் சொன்னீங்க, பாதியிலயே விட்டுட்டீங்களே. பிரேக் காலிப்பர்ல ரெண்டு பேடுக்கு நடுவுல அட்டையோ மரச்சில்லோ சொருகணும். இல்லாட்டி வழியில எவனாவது பிரேக் லீவரைப் பிடிச்சா பிஸ்டன் வெளிய தள்ளிக்கும், போய் இறங்கின ஊர்ல சக்கரம் ஏறாது. ஆக்ஸிலும் ஸ்பேசரும் ஒரே கவர்ல போட்டு ஃபிரேம்லயே கட்டணும்.

என் சம்பவம் தஜிகிஸ்தான்ல பாமிர் சாலை, எம்-41. அக்-பைத்தால் கணவாய், 4,655 மீட்டர். முன்னாடி போன வண்டியோட டாப் பாக்ஸ் (சீட்டுக்குப் பின்னாடி மாட்டுற பெட்டி) தலையாட்டுது. நிறுத்திப் பார்த்தா, அதைத் தாங்குற சப்ஃபிரேம் வெல்டிங்கிலேயே மயிரிழை விரிசல். பெட்டிக்குள்ள டூல் கிட், ஸ்பேர் செயின், ரெண்டு லிட்டர் ஆயில். பின் ஆக்ஸிலைத் தாண்டி தொங்குற எடை ஒவ்வொரு குழியிலயும் நெம்புகோல் மாதிரி அடிக்கும். டூல்ஸ் எஞ்சினுக்கு முன்னாடி கிராஷ் கார்டுல, ஆயில் பக்கவாட்டுப் பெட்டியான பேனியரோட அடியில. டாப் பாக்ஸ்ல ஜெர்க்கின், ரொட்டி, பேப்பர், அவ்வளவுதான். ரேக் போல்ட்டுக்கு கழலாம பிடிக்கிற நீல நிற லாக்டைட் பசை போட்டு பெயிண்டால ஒரு கோடு இழுத்து விடுங்க. கோடு விலகினா போல்ட் கழலுதுன்னு அர்த்தம்.

டியூப்_மாமா:
யாரும் கேக்கலதான், இருந்தாலும் சொல்றேன். சம்பவம் சின்னது: அதே பாமிர் சாலையில இருக்குற முர்காப்ல ஒருத்தர் பையில பஞ்சர் பேட்ச் ஒரு டப்பா இருந்துச்சு, ஒட்டுற சொல்யூஷன் டியூப் காய்ஞ்சு கல்லாகிக் கிடந்துச்சு. ஒரு தடவை திறந்தா அது ஆயுசு முடிஞ்ச மாதிரி. திறக்காத சின்ன டியூபா மூணு வைங்க. இனி அறிவுரை. முன் சக்கரம் 21 இன்ச், பின் சக்கரம் 17 இன்ச் இருக்குற வண்டிக்கு ஸ்பேர் டியூப் ஒண்ணுதான் வைக்க இடம்னா 21-ஐ எடுங்க; அவசரத்துக்கு அதை மடிச்சு 17-ல திணிக்கலாம், 17-ஐ 21-ல போட்டா ரப்பர் மெலிஞ்சு கிழியும். டயர் கழட்டுற லீவர் மூணு வேணும், ரெண்டு பத்தாது. டயர் ஏறலைன்னா லீவரை ஓங்கிப் பிடிக்காதீங்க. எதிர்ப்பக்க டயர் விளிம்பை (பீட்) ரிம்மோட நடுப் பள்ளத்துக்குள்ள முழங்காலால அமுக்குங்க, இந்தப் பக்கம் தானா வழுக்கி ஏறும். புது டியூப்ல பாதி பஞ்சர் லீவர் கடிச்சதுதான். டியூப்ல டால்கம் பவுடர் தடவி, லேசா காத்து ஏத்தி உருண்டையா ஆக்கிட்டு உள்ள விடுங்க. ஸ்பேர் டியூப்பை டூல்ஸோட போடாதீங்க, உரசியே ஓட்டை விழும். பழைய சாக்ஸுக்குள்ள போட்டு வைங்க. அப்புறம் பம்ப். கை பம்ப் இல்லாம எலக்ட்ரிக் மட்டும் நம்பாதீங்க.

80_ஆக்டேன்:
மாமா, 21-ஐ மடிச்சு 17-ல போட்டா மடிப்பு விழுற இடத்துல சூடாகி வெடிக்கும். அடுத்த ஊர் வரைக்கும்தான் தாங்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்க. வேகமும் 50-ஐத் தாண்டக் கூடாது.

அதே முர்காப்தான். ஊர் 3,600 மீட்டர் உயரத்துல இருக்கு. பெட்ரோல் வாளியில வருது, ஜக்குல அளந்து புனல் வழியா ஊத்துறாங்க. வாளி அடியில மணல் தெரியுது! மெல்லிய துணியை ரெண்டா மடிச்சுப் புனல்ல போடுங்க, ஸ்பேர் ஃபியூயல் ஃபில்டர் ஒண்ணு கட்டாயம். பெட்ரோல் தரத்தைச் சொல்ற ஆக்டேன் எண் குறைவுன்னு பதறவேண்டாம். அந்த உயரத்துல காற்றழுத்தம் கடல்மட்டத்துல இருக்குறதுல மூணுல ரெண்டு பங்குதான், அதனால எஞ்சின் டொக் டொக்னு தட்டுறது குறையும். அதே பெட்ரோலோட கீழ இறங்கும்போதுதான் தட்டும். உயர் கியர்ல வெச்சு முக்க விடாதீங்க. ஜெர்ரி கேனைக் கழுத்து வரைக்கும் ரொப்பாதீங்க, ஏற ஏற உப்பும். மூடியை முகத்துக்கு நேரா வெச்சுத் திறக்காதீங்க.

டாப்_பாக்ஸ்_வேண்டாம்:
வெடிக்கும்னு சொல்றீங்களே, எந்த டியூப்? சாதாவா, ஹெவி டியூட்டியா? ஹெவி டியூட்டின்னா அந்தக் கெட்டி ரப்பர் மடிப்பே 17-க்குள்ள அடங்காது.