ஷிஸ்ர்தான் உபாரா?

குமரேசன்:
அரபுக் கதைகளில் வரும், ஓமன் பாலைவனத்தில் தொலைந்துபோன உபார் நகரம் கிடைத்துவிட்டதென்று 1992லேயே செய்தி வந்தாயிற்று, இன்னும் உபாரே கட்டுக்கதை என்கிறீர்களே, வாசுகி! 1984இல் சேலஞ்சர் விண்கலத்து ரேடார் எடுத்த படங்கள், அப்புறம் லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள், அவற்றில் தெரிந்த ஒட்டகத் தடங்கள் வந்து சேருமிடம் ஷிஸ்ர் என்ற சிற்றூர். தோண்டினால் கோபுரங்களோடு கோட்டை. வேறென்ன வேண்டும்?

வாசுகி:
படத்தில் தெரிந்தது தடம், நகரமில்லை. கோட்டையை 1930இல் ஒட்டகத்தில் போன ஆங்கிலேயப் பயணி பெர்ட்ரம் தாமஸே பார்த்திருக்கிறார். கூட வந்த பாலைவன நாடோடிகளான பதூவினர் "உபாருக்குப் போகும் வழி" என்று அவருக்குக் காட்டிய தடம் வேறு இடம். ஷிஸ்ரில் தோண்டிய தொல்லியலாளர் யூரிஸ் ஸாரின்ஸே பின்னாளில், உபார் என்பது ஒரு வட்டாரத்தையும் அதன் மக்களையும் குறிக்கும் பெயர், தனி ஊரின் பெயரல்ல என்று சொல்லிவிட்டார்.

குமரேசன்:
பெயர்ச் சண்டை கிடக்கட்டும். கோட்டையின் ஒரு பக்கம் பள்ளத்துக்குள் சரிந்து கிடக்கிறதே, அது? இறைவன் கோபத்தில் அழிந்த இரம் நகரத்தின் கதை அப்படியே பொருந்துகிறது.

ரஃபீக்:
எங்கே பொருந்துகிறது தம்பி? குர்ஆனில் இரம் நகரத்து மக்களான ஆது கூட்டத்தாரை அழித்தது காற்று, ஏழு இரவு எட்டுப் பகல் விடாமல் அடித்த காற்று. பூமி விழுங்கியதாக அதில் இல்லை. ஷிஸ்ரில் நடந்தது, கோட்டைக்கு அடியிலிருந்த சுண்ணாம்புக்கல் குகையின் கூரை இடிந்தது. இரண்டையும் ஒட்டவைத்தது பத்திரிகைக்காரர்கள்.

சலாலா சேகர்:
நான் நேரில் போயிருக்கிறேன். தும்ரைத் ஊரைத் தாண்டினால் ஒரே பொட்டல், கடைசியில் ஒரு கம்பிவேலி, உள்ளே குட்டையான சுவர்கள், நடுவில் பெரிய பள்ளம். சுற்றிவரப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, இதற்கா இவ்வளவு பெட்ரோல் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் பள்ளத்தின் ஓரத்தில் நின்றால் விஷயம் புரியும்: தண்ணீர். குந்திரிக்கம் ஏற்றிய ஒட்டகங்கள் மணல்காட்டுக்குள் இறங்குமுன் நீர் குடிக்கக் கிணறு இருந்த இடம், அதைக் காக்கத்தான் கோட்டை. உபாரோ இல்லையோ, யுனெஸ்கோ 2000இல் பட்டியலில் சேர்த்தது அந்தக் குந்திரிக்க வணிகத்துக்காகத்தான். நம் ஆட்களும் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள், கோர் ரோரியில் "ணந்தை கீரன்" என்று தமிழ் பிராமியில் கீறிய பானை ஓடு கிடைத்திருக்கிறது.

குமரேசன்:
பார்த்தீர்களா, உபார்வரை தமிழன் போயிருக்கிறான்!

வாசுகி:
கோர் ரோரி கடற்கரைத் துறைமுகம், குமரேசன். ஷிஸ்ர் மலைக்கு அந்தப்பக்கம். கீரனை ஒட்டகத்தில் ஏற்றாதீர்கள்.