மறு: ‘நான்-எக்ஸிக்யூட்டிவ் டைரக்டர்’ – வெள்ளி நண்பகலுக்குள் ஒரு சொல் வேண்டும்

ந. – செவ்வாய், காலை

குழுவினருக்கு வணக்கம்.

பொதுத்துறைத் திறன் முகமை (ஸ்கில்ஸ் ஏஜென்சி) ஒன்று தன் வாரியத்துக்கு ஆள் தேடுகிறது. விளம்பரம், விண்ணப்பக் குறிப்பு, தகுதிக் கட்டம் மூன்றையும் தமிழாக்கும் வேலை என் தலையில். எனக்கு முன்னால் இதைத் தொட்டவர் விட்டுப்போன வரைவு இப்படித் தொடங்குகிறது: “செயல்படாத இயக்குநர்கள் ஐவர் தேவை.” செயல்படாதவர்களுக்கு விளம்பரம் வேறு எதற்கு, தேடாமலே கிடைப்பார்களே என்று சிரித்துவிட்டு, நானே ஒன்று போடலாமென்று உட்கார்ந்தேன். இரண்டு மணிநேரமாக அந்த ஒரு சொல்லிலேயே நிற்கிறேன்.

அவர்களுடைய வேலை இது: மாதத்தில் இரண்டு மூன்று நாள். சம்பளம் இல்லை, மதிப்பூதியம் உண்டு. தலைமை அதிகாரியை நியமிப்பது, வரவு செலவுத் திட்டத்தை ஏற்பது அல்லது திருப்பி அனுப்புவது, தணிக்கைக் குழுவில் உட்கார்ந்து கேள்வி கேட்பது. அன்றாட நிர்வாகத்தில் கை வைக்கக் கூடாது. தொழில் நடத்துபவர், தொழிற்சங்கத்தார், கற்பிப்பவர் யாரும் விண்ணப்பிக்கலாம். முகமையிடம் பயிற்சி ஒப்பந்தம் வாங்கியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வெள்ளி நண்பகல் கெடு. கைகொடுங்கள்.

க. – செவ்வாய், காலை

அக்கா, ‘செயல்சாரா இயக்குனர்’ என்றே போட்டுவிடுங்கள். ‘செயல் இயக்குனர்’ புழக்கத்தில் இருக்கிறது. அதற்கு எதிர்ச்சொல் தானாக வந்து உட்காரும். நான் வணிகவியல் வகுப்பில் இதைத்தான் சொல்கிறேன்.

பெ.மா. – செவ்வாய், பிற்பகல்

> செயல்சாரா இயக்குனர்

தம்பி, பொருளுக்கு அப்புறம் வருவோம், முதலில் எழுத்து. இயக்கு + நர் = இயக்குநர். ‘நர்’ விகுதி. பொருநர், வாழ்நர் என்று சங்கப் பாட்டிலேயே நடமாடிய விகுதிக்குச் சினிமாச் சுவரொட்டிக்காரர் றன்னகரம் போட்டால் நாமும் போடுவதா? அனுப்புநர், பெறுநர், ஓட்டுநர் என்று சரியாக எழுதுகிற கை இங்கே மட்டும் ஏன் வழுக்குகிறது?

இனிப் பொருள். இவர்கள் எதையும் இயக்கவில்லை என்று ந. அம்மாவே எழுதியிருக்கிறார். இயக்காதவருக்கு இயக்குநர் என்று பெயர் வைத்து, அதன் தலையில் ‘சாரா’ என்று ஒரு மறுப்பையும் கட்டுவது என்ன நியாயம்? ஒருவரை அவர் எது இல்லை என்று சொல்லியா அறிமுகப்படுத்துவோம்?

சு. – செவ்வாய், இரவு

நான் நிறுமச் செயலர், அதாவது கம்பெனி செக்ரட்டரி. இருபது வருடமாக வாரியக் கூட்டக் குறிப்பு எழுதிப் பிழைப்பவன். கலைச்சொல் ஆராய்ச்சி தெரியாது, ஆள்களைத் தெரியும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘நான்-எக்ஸிக்யூட்டிவ்’ வேறு, ‘இண்டிபெண்டன்ட்’ (சார்பிலா) வேறு. நிறுமங்களை நடத்தும் முறை பற்றி பிரிட்டனில் 1992இல் வந்த காட்பரி அறிக்கை, முன்னவர்களில் பெரும்பான்மையோர் பின்னவர்களாகவும் இருக்க வேண்டும் என்றது. இரண்டும் ஒன்றென்றால் அப்படிச் சொல்லத் தேவையே இல்லை. இந்தியாவின் நிறுமச் சட்டம் 2013, பிரிவு 149(6)-ம் அப்படித்தான்: மேலாண் இயக்குநர், முழுநேர இயக்குநர், நியமன இயக்குநர் மூவரையும் கழித்துவிட்டுத்தான் சார்பிலா இயக்குநரை வரையறுக்கத் தொடங்குகிறது. அமைச்சகம் அனுப்பிய அதிகாரி வாரியத்தில் இருப்பார். அவர் நிர்வாகத்தில் இல்லை, ஆனால் சார்பில்லாதவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே ‘சார்பிலா’, ‘தன்னிச்சை’, ‘சுயேச்சை’ எதையும் இங்கே கொண்டுவராதீர்கள். சுயேச்சை என்றால் தேர்தல் சின்னம் கேட்பார்கள்.

இவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு நான் கண்ட ஒன்று. ஒரு பயிற்சி நிறுவனத்தின் வாரியக் கூட்டம். அறுபது பக்க அறிக்கை. இத்தனை பேருக்குப் பயிற்சி, இத்தனை சான்றிதழ், எல்லாம் பச்சை நிறக் கட்டம். மூலையில் ஓர் அம்மா, பழைய தையல்தொழிற்கூட மேற்பார்வையாளர், அறிக்கையைப் புரட்டவே இல்லை. “இவங்கள்ல ஒரு வருஷம் கழிச்சும் அதே வேலையில இருக்கிறவங்க எத்தனை பேரு?” என்றார். தலைமை அதிகாரி துணை அதிகாரியைப் பார்த்தார், துணை அதிகாரி கணினியைப் பார்த்தார். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கட்டமும் அறிக்கையில் வந்தது. பச்சையாக இல்லை.

அந்த அம்மா செய்ததற்குத்தான் சொல் வேண்டும்.

பெ.மா. – புதன், விடியற்காலை

சு. ஐயா, தூக்கம் போய்விட்டது. உங்கள் தையற்கூட அம்மையாருக்குச் சொல் இரண்டாயிரம் ஆண்டாக ஆயத்தமாக இருக்கிறது.

இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்
கெடுப்பா ரிலானுங் கெடும்.

குறள் 448. பெரியாரைத் துணைக்கோடல். இடித்தல் இங்கே கடிந்துரைத்தல். முந்தைய குறளில் ‘இடிக்குந் துணையார்’ என்றே வருகிறது. துணையாகவும் இருக்க வேண்டும், இடிக்கவும் வேண்டும். வாரியத்தில் உட்காருபவருக்கு இதைவிடக் கச்சிதமான பணிவரையறை உண்டா? நீங்கள் நாலு பத்தியில் எழுதியதை வள்ளுவர் இரண்டு சொல்லில் வைத்திருக்கிறார்.

என் முன்மொழிவு: இடிக்குநர். அல்லது இடித்துரைஞர்.

க. – புதன், காலை

ஐயா, “இடிக்குநர்கள் ஐவர் தேவை” என்று விளம்பரம் வந்தால் பொக்லைன் வைத்திருப்பவர்கள்தான் வரிசையில் நிற்பார்கள்.

(னகரத்தைத் திருத்திக்கொண்டேன்.)

அ. – புதன், காலை

ஐயா, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். இலங்கைப் பக்கத்திலிருந்து ஒரு தகவல். எங்களிடம் இது எப்போதோ முடிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டைரக்டர் என்றால் பணிப்பாளர், போர்ட் என்றால் பணிப்பாளர் சபை. ஆண்டறிக்கைகளில் ‘நிறைவேற்று அதிகாரமற்ற பணிப்பாளர்’ என்றுதான் போடுகிறோம்.

ஆனால் குறையையும் சொல்ல வேணும். அறிக்கையை வாசிக்கிற ஆள் முன்சொல்லை விட்டுப்போட்டு ‘அதிகாரமற்ற’வை மட்டும் பிடித்துக்கொள்கிறார். அதிகாரம் இல்லாத ஆள் எதற்கு அந்தக் கதிரையில் இருக்கிறார் என்று ஒருவர் என்னிடமே கேட்டவர். வரவு செலவைத் திருப்பி அனுப்புகிற ஆளுக்கு அதிகாரம் இல்லை என்றால் வேறு யாருக்கு?

இன்னொன்று. உங்கள் ‘முகமை’ எங்கள் ஆட்களுக்கு விளங்காது. முகவர் நிலையம் என்றால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற இடம். இப்படியான அமைப்புக்கு நாங்கள் அதிகார சபை என்போம். விளம்பரம் எங்கள் பக்கமும் வருமென்றால் ந. அக்கா யோசியுங்கோ.

ந. – புதன், நண்பகல்

வரும் அ., எல்லாப் பக்கமும் வரும். அதனால்தான் தலைவலி. ‘பணிப்பாளர்’ இங்கே எழுதினால் பணியாளருக்கு எழுத்துப்பிழை என்று நினைத்து யாராவது திருத்திவிடுவார்கள்.

‘திறன் முகமை’ தலைப்பில் இருந்தே ஆக வேண்டும், அது வாடிக்கையாளர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட பெயர். அதைத் தொட முடியாது.

கிளைக் கேள்வி ஒன்று. வாரியத்தில் எந்தெந்தத் துறை ஆள் குறைகிறது என்று காட்டும் கட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்கில்ஸ் மேட்ரிக்ஸ்’. கணக்குப் பாடத்தில் மேட்ரிக்ஸ் அணி. ‘திறன் அணி’ என்று எழுதிப் பார்த்தேன். மட்டைப்பந்துக் குழு மாதிரி இருக்கிறது. அதுவும் திறன் முகமையின் திறன் அணி.

சு. – புதன், நண்பகல்

‘தகுதிக் கட்டம்’ என்று நீங்களே முதல் மடலில் எழுதிவிட்டீர்கள். அது போதும்.

பெ.மா. – புதன், இரவு

அணி என்பது அழகு, படை, வரிசை, அருகு என்று பல பொருள் தரும்... சரி, அதை விடுகிறேன்.

பொக்லைன் தம்பிக்காக இடிக்குநரைத் தற்காலிகமாக ஒத்திவைக்கிறேன், கைவிடவில்லை. ஆனால் எல்லாரும் ‘வாரியம்’, ‘வாரியம்’ என்று எழுதுகிறீர்களே, அது எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தீர்களா? உத்திரமேரூர்க் கல்வெட்டு. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகள், அதாவது 919, 921. சம்வத்சர (ஆண்டு) வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம். அங்கே ‘வாரியஞ் செய்வார்’ என்ற சொல்லாட்சி இருக்கிறது. கவனியுங்கள், வாரியத்தில் *இருப்பார்* அல்ல, வாரியம் *செய்வார்*. வாரியம் முதலில் அமைப்பின் பெயரல்ல, பணியின் பெயர். உட்கார்ந்தவர்கள் வாரியப் பெருமக்கள்.

தகுதி விதிகளைப் பாருங்கள். 35 வயதுக்கு மேல், 70க்குள். முந்தைய மூன்றாண்டில் வாரியம் செய்திருக்கக் கூடாது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் கூடாது, அவன் உறவினரும் கூடாது. உங்கள் விண்ணப்பக் குறிப்பில் நலன் முரணைப் பற்றி இரண்டு பக்கம் இருக்குமே, இதைவிடக் கறாராக இருக்கிறதா?

எனவே: வாரியஞ்செய்வார். பன்மையில் வாரியப் பெருமக்கள். ‘நான்’ இல்லை, ‘சாரா’ இல்லை, ‘அற்ற’ இல்லை. சொல்லின் வேரும் ‘வாரி’, வருவாய். வருவாயைக் காத்தவர்கள்.

ஈ. – வியாழன், காலை

பல மாதம் படிக்க மட்டும் செய்தவள், இதற்காக எழுதுகிறேன்.

ஐயா சொன்ன வயது வரம்பு இரண்டாவது கல்வெட்டினுடையது. 919இல் 30 முதல் 60. அது சிறு திருத்தம். பெரிய விஷயம், ஐயா சொல்லாமல் விட்ட தகுதிகள். கால் வேலிக்கு மேல் இறைநிலம் (வரி கட்டும் நிலம்), சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. அது ஒரு பிரமதேயச் சபை, அதாவது பிராமணருக்குக் கொடையாகக் கொடுத்த ஊரின் சபை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்துத்தான் அங்கே ஆள் தேர்ந்தார்கள்; தையற்கூட அம்மாவின் பெயரை யாரும் அந்த ஓலையில் எழுதியிருக்க மாட்டார்கள். எல்லாத் தரப்பினரும் விண்ணப்பிக்கலாம் என்று கூவி அழைக்கிற விளம்பரத்துக்கு அதன் பெருமக்களை மாதிரி காட்டாதீர்கள். தவிர, அங்கே குடத்திலிருந்து ஓலை எடுத்தது ஒரு சிறுவன். இங்கே நேர்காணல் குழு.

‘வாரி’யிலிருந்து வந்தது என்பதும் முடிந்த முடிபு அல்ல. தேர்ந்தெடுக்கத்தக்க என்ற பொருளுடைய வடசொல் ‘வார்ய’வோடு இணைப்பவர்களும் உண்டு.

பெ.மா. – வியாழன், காலை

வடசொல்லோடு இணைப்பவர்கள் எதைத்தான் இணைக்கவில்லை! இது குறித்துத் தனி மடலில் ஏழு சான்றுகள் தருகிறேன்.

சமூக விலக்கைப் பற்றி அம்மா சொன்னது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ‘வாரியம்’ என்ற சொல் மின்சாரம், குடிநீர் என்று எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டதே. சொல்லுக்குப் பழைய பாவத்தைச் சுமத்தினால் அகராதியில் மிஞ்சுவது எது?

மட்டுறுத்துநர் – வியாழன், நண்பகல்

இயக்குநர்/இயக்குனர் பற்றி வந்த பதினோரு மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். வாரியத்தின் வேருக்கும் தனி இழை. இங்கே ந. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவும்.

க. – வியாழன், மாலை

இன்று வகுப்பில் விளக்கம் எதுவும் சொல்லாமல் பலகையில் நான்கு சொற்களை எழுதி, இவர் யார் என்று கேட்டேன்.

செயல்சாரா இயக்குநர்: “சஸ்பெண்ட் ஆனவரா சார்?” இதை நான்தான் முன்மொழிந்தேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை.

கண்காணிப்பு இயக்குநர்: “போலீஸ்ல இருந்து வர்றவர்.”

நிர்வாகம் சாரா இயக்குநர்: கொஞ்ச நேரம் யோசித்தார்கள். “நிர்வாகத்துல இல்லாதவர், ஆனா இயக்குநர்.” சரியான விடை. அதற்கு மேல் ஒருவருக்கும் ஆர்வமில்லை.

இடிக்குநர்: சிரிப்பு. ஆனால் மணி அடித்த பின் ஒரு மாணவி வந்து, “நாலாவது ஆள் என்ன சார் பண்ணுவார்?” என்று கேட்டாள். சு. ஐயாவின் கதையைச் சொன்னேன். “அப்ப அதான் சார் சரியான பேரு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பெ.மா. ஐயாவுக்கு இதை மறைக்க மனம் வரவில்லை.

சு. – வியாழன், இரவு

யாரோ தனி மடலில் ‘செயலாட்சி சாரா இயக்குநர்’ என்று அனுப்பியிருந்தார். வேண்டாம். கூட்டுறவுச் சங்கங்களில் செயலாட்சியர் என்றால், தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு இல்லாதபோது அரசு கொண்டுவந்து உட்காரவைக்கிற ஆள். அந்தப் பக்கத்தார் படித்தால் முகமையைக் கலைத்துவிட்டார்களோ என்று பதறுவார்கள்.

என் ஓட்டு ‘நிர்வாகம் சாரா’வுக்கு. அழகில்லை. புரியும்.

அ. – வியாழன், இரவு

எங்களுக்கும் விளங்கும். ‘இயக்குநர்’ கொஞ்சம் சினிமா மணம்தான், ஆனால் அதைத் தூக்கிவிட்டு ‘வாரிய உறுப்பினர்’ என்று போட்டால் இரண்டு கரைக்கும் பொருந்தும்.

ஈ. – வியாழன், இரவு

ஆதரிக்கிறேன். விளம்பரத்துக்கு ‘ஆட்சேர்ப்பு’ என்று மட்டும் தலைப்பு வைக்காதீர்கள். உயரம், மார்பளவு கேட்பது போல இருக்கிறது. ‘விண்ணப்பிக்க அழைப்பு’ போதும்.

பெ.மா. – வெள்ளி, விடியற்காலை

நிர்வாகம் வடசொல். சாரா எதிர்மறை. உறுப்பினர் என்பவர் நூலகத்திலும் இருக்கிறார். மூன்றையும் ஒட்டினால் சொல்லாகிவிடாது, விளக்கவுரைதான் ஆகும். என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்க.

அந்த மாணவிக்கு என் வாழ்த்து.

ந. – வெள்ளி, காலை 11:40

அனுப்பிவிட்டேன். “நிர்வாகம் சாரா வாரிய உறுப்பினர்கள்: விண்ணப்பிக்க அழைப்பு.” பணிக்குறிப்பில் ஒரு வரி நானாகச் சேர்த்தேன்: “தேவையான இடத்தில் நிர்வாகத்தை இடித்துரைக்கவும், துணை நிற்கவும் வேண்டும்.” மூலத்தில் ‘கன்ஸ்ட்ரக்டிவ் சேலஞ்ச்’ என்று இருந்தது. அதற்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியவில்லை. பெ.மா. ஐயா கோபம் ஆறுவாரா?

ந. – திங்கள், மாலை

அச்சு மாதிரி வந்தது. இரண்டு பத்தி அகலத்தில் தலைப்பு அடங்கவில்லையாம். வடிவமைப்பாளர் ‘நிர்வாகம் சாரா’வை எடுத்துவிட்டு “வாரிய உறுப்பினர்கள் தேவை” என்று போட்டிருக்கிறார். இடித்துரைக்கும் வரி அப்படியே இருக்கிறது.

பெ.மா. – திங்கள், இரவு

ஆக, வாரியம் மட்டும் நின்றது.

தனி இழையில் ஏழு சான்றுகளில் நான்கை இட்டிருக்கிறேன். ஈ. அம்மா இன்னும் மறுமொழி எழுதவில்லை.