அசோகப் பட்டை பார்கோடிங்: ஐடிஎஸ்2-இல் பூஞ்சை மட்டுமே வருகிறது

மூலிகைமாணவி:
கடையில் வாங்கிய அசோகப் பட்டையில் நெட்டிலிங்கப் பட்டை கலந்திருக்கிறதா என்று டிஎன்ஏ பார்கோடிங்கில் (டிஎன்ஏவின் ஒரு குறிப்பிட்ட பகுதியைப் படித்து இனத்தை அடையாளம் காணும் முறை) பார்க்கிறோம். டிஎன்ஏ பிரித்தெடுக்க சிடிஏபி (சோப்பு போன்ற வேதிப்பொருள்) முறை, மாதிரிக்கு 100 மில்லிகிராம் தூள். டிஎன்ஏ டீத்தண்ணி நிறத்தில் பிசுபிசுக்கிறது. தூய்மையைக் காட்டும் 260/230 விகிதம் வெறும் 0.6. மேட்கே (தாவர பார்கோடு மரபணு) பிசிஆரில் (டிஎன்ஏ பகுதியைப் பல மடங்கு பெருக்கும் வினை) பேண்டே (பெருகிய டிஎன்ஏ ஜெல்லில் காட்டும் கோடு) இல்லை. ஐடிஎஸ்2 (தாவரத்திலும் பூஞ்சையிலும் உள்ள இன்னொரு பார்கோடு பகுதி) பளிச்சென்று வந்தது, ஆனால் ப்ளாஸ்டில் (வரிசையைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் தேடல்) எல்லாமே ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை. எங்கே பிசகு?

ஜெல்பார்வை:
நிறத்துக்குக் காரணம் டானின் (பட்டையின் துவர்ப்புப் பொருள்), பிசுபிசுப்புக்குப் பாலிசாக்கரைடு (பிசின் போன்ற சர்க்கரைச் சங்கிலி). இரண்டுமே பிசிஆரைத் தடுக்கும். உறுதிசெய்ய, பேண்ட் தரும் என்று தெரிந்த ஓர் இலை டிஎன்ஏ டியூபில் உங்கள் பட்டை டிஎன்ஏ 1 மைக்ரோலிட்டர் விட்டு ஓட்டுங்கள். இலையின் பேண்டும் காணாமல் போனால் தடுப்பான்தான். அப்படியானால் 10 மடங்கும் 50 மடங்கும் நீர்த்துப் பாருங்கள், பிஎஸ்ஏ (தடுப்பான்களைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) சேருங்கள். பேண்ட் அப்படியே இருந்தால் டிஎன்ஏ சிதைந்திருக்கிறது, அல்லது ப்ரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டவில்லை. மேட்கே ப்ரைமர்கள் பல குடும்பங்களில் சொதப்பும்.

அடுத்த முறை மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு உள்பட்டையை மட்டும் எடுங்கள். பூஞ்சை, பாசி, லைக்கன் எல்லாம் வெளியேதான் குடியிருக்கும். தூளை சிடிஏபியில் போடுமுன் பிவிபியும் (டானினைப் பிடிக்கும் பாலிமர்) மெர்காப்டோஎத்தனாலும் (பழுப்பாவதைத் தடுப்பது) கலந்த சார்பிட்டால் கரைசலில் 2, 3 முறை கழுவுங்கள், மேல்நீர் தெளியும்வரை. சிடிஏபியிலும் 2 சதவீதம் பிவிபி இருக்கட்டும். டிஎன்ஏவைப் படியவைக்க ஐசோபுரோப்பனால் விட்டதும் இரவு முழுக்க ஃப்ரீசரில் வைக்காதீர்கள்; பிசினும் சேர்ந்து இறங்கிவிடும்.

ஹெர்பேரியம்காரர்:
இந்தக் கேள்விக்கு ஐடிஎஸ்2 தேவையே இல்லை. அசோகு அவரைக் குடும்பம், நெட்டிலிங்கம் சீத்தாக் குடும்பம். ஆர்பிசிஎல் ஒன்றே பிரித்துவிடும். அது பசுங்கணிக மரபணு, பூஞ்சையில் கிடையாது. கீழாநெல்லி மாதிரி ஒரே பேரினத்துக்குள் கலப்படம் என்றால்தான் ஐடிஎஸ்2, டிஆர்என்எச்-பிஎஸ்பிஏ என்று இனத்துக்கு இனம் அதிகம் மாறும் பகுதிகளுக்குப் போக வேண்டும்.

ஒரு பொறி: ப்ளாஸ்டில் முதல் பொருத்தம் சராகா இண்டிகா என்று வந்தால் பதறாதீர்கள். இந்திய அசோகை, அதாவது சராகா அசோகாவை, பழைய நூல்கள் அந்தப் பெயரில்தான் எழுதின; உண்மையான இண்டிகா தென்கிழக்கு ஆசிய மரம். ஜென்பேங்க் (டிஎன்ஏ வரிசைத் தரவுத்தளம்) பெயர்களை மட்டும் நம்பாமல், அடையாளம் உறுதியான அசோகு, நெட்டிலிங்கம் இரண்டு மரங்களிலிருந்தும் இலை எடுத்து, உலர்மாதிரி வைத்து, கூடவே ஓட்டுங்கள்.

மூலிகைமாணவி:
ஒரு பொட்டலத்தின் துண்டுகளை எல்லாம் சேர்த்து அரைத்தது சரியா?

ஜெல்பார்வை:
கூடாது. சாங்கரில் (ஒரு நேரத்தில் ஒரே வரிசையைப் படிக்கும் முறை) இரட்டை உச்சிகள் வரும், இல்லையேல் எது அதிகமோ அது மட்டும் தெரிந்து கலப்படம் ஒளிந்துகொள்ளும். துண்டுக்கு ஒரு டியூப். ஏற்கெனவே தூளாக விற்பதென்றால் மெட்டாபார்கோடிங் (கலவையில் உள்ள இனங்களை எல்லாம் ஒரே ஓட்டத்தில் படிப்பது) வேண்டும். அரிஷ்டத்தில் (புளிக்கவைத்த திரவ மருந்து) இதை முயலவே வேண்டாம், அங்கே எச்பிடிஎல்சிதான் (வேதிப்பொருள்களைப் பிரித்துக் காட்டும் சோதனை).